நேர்கோட்டில் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர்

ஆறு வருஷமாக அந்த மனிதர் தன் மனைவியிடம் தவறாமல் சொல்லி வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"நேர்கோட்டுல பாத்தா நமக்கு நடுவுல இருநூத்திப் பத்து கிலோமீட்டர்தான். பாழாப்போன ரோடுதான் நம்மளப் பிரிச்சு வெச்சிருக்கு."

எடை பார்க்கும் இயந்திரங்கள் செய்கிற கம்பெனியில் அவர் கிளை மேலாளர். மூட்டை நிறுப்பது, லாரி நிறுப்பது, ஆள் நிறுப்பது என்று அவர்களிடம் எல்லாவற்றுக்கும் இயந்திரம் உண்டு. பதவி உயர்வு கொடுத்து அவரை மலைக்கு அந்தப் பக்கம் இருந்த நகரத்துக்கு அனுப்பினார்கள். இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று சொன்னதால் மனைவியும் அம்மாவும் இந்தப் பக்கமே தங்கிவிட்டார்கள். மலையைச் சுற்றிக்கொண்டு போகும் ரோடு நானூற்று அறுபது கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் பதினோரு மணி நேரம், மழைக் காலத்தில் அதற்கு மேலும் ஆகும். முதல் வருஷம் மாதம் ஒரு தடவை வந்தார். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. அதற்கப்புறம் நீண்ட விடுமுறைக்கு மட்டும். வந்தால் முதல் நாள் முழுக்க இடுப்பு வலி. கடைசி நாள் முழுக்கத் திரும்பிப் போகிற பஸ்ஸைப் பற்றிய கவலை. நடுவில் மிஞ்சிய நாளில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொள்வார்.

அவர் மனைவி பல் செட் செய்கிறவள். ஊரில் இருந்த பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அவளுக்கு அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் வரிசை வைத்து, சரிபார்த்து, தேய்த்து, பளபளவென்று பாலிஷ் போட்டுக் கொடுப்பாள். தெருவில் அவளுக்குப் பல்லுக்காரம்மா என்று பெயர். மேலாளர் சம்சாரம் என்று யாராவது கூப்பிட்டால்தான் அவளுக்கு யாரையோ சொல்கிறார்கள் என்று தோன்றும். குழந்தை இல்லை, அதைப் பற்றிப் பேசி, அழுது, முடித்து வருஷங்கள் ஆகியிருந்தன.

வீட்டில் இன்னொரு ஆள் மாமியார். மேலாளரைப் பெற்றவர். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் யாரிடம் எப்படிப் பொய் சொல்வார்கள் என்பதெல்லாம் காதில் கேட்டே பழகியவர். மகன் போனில் பேசும்போது ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"இப்ப 'மனசு எல்லாம் அங்கதான் இருக்கு'ன்னான் பாரு," என்பார் போனை வைத்ததும். "அப்ப எதையோ மென்னுக்கிட்டு இருந்தான். மனசு இங்க, வாய் அங்க."

இரண்டு ஊரிலும் விமான நிலையம் கட்ட ஆரம்பித்ததும் மேலாளருக்குப் புது உயிர் வந்தது. பாவம், பஸ்ஸைத் திட்டித் திட்டி அவருக்கும் அலுத்திருக்கும். இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரமும் பறக்கிற நேரமும் சொல்லும் இணையப் பக்கம் ஒன்றை எங்கிருந்தோ கண்டுபிடித்து, அதைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். தூரம் இருநூற்றுப் பத்து. நேரம் நாற்பத்தைந்து நிமிஷம். நேர்விமானம் தற்போது இல்லை என்று அதன் அடியிலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

"பாத்தியா? நாப்பத்தஞ்சு நிமிஷம்! நீ ஒரு பல் செட்டுக்குப் பாலிஷ் போடுறதுக்குள்ள நான் வந்து நிப்பேன். வாரா வாரம் வந்துடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினா ராத்திரி சாப்பாடு உன் கையால."

"இதென்ன பரீட்சை ரிசல்ட்டா, இவ்வளவு பெருமையா அனுப்பியிருக்கான்?" என்று மாமியார் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "பிளேன் வந்தா இவனுக்குக் கால் முளைச்சிடுமா?"

ஆனால் மனைவி நம்பினாள். முட்டாள் இல்லை அவள். வீட்டிலேயே காற்றோட்டமான முன்னறையை 'அவர் வந்தால் படுக்க' என்று ஒழித்து வைத்துவிட்டு, சமையலறைக்குப் பின்னால் ஆள் திரும்ப முடியாத இடத்தில் பிளாஸ்டர் தூசியை முழுங்கிக்கொண்டு வேலை செய்தாள். நம்பாமல் அப்படிச் செய்ய முடியாது. நம்புவதை நிறுத்தினால் அந்தத் தூசிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விமான நிலையம் சொன்ன தேதிக்கு மூன்று வருஷம் தள்ளித் திறந்தது. அதுவரை மேலாளருக்கு ஒரு குறையும் இல்லை. ஓடுதளம் போடுகிறார்கள், வேலி போடுகிறார்கள், அனுமதி வரவில்லை, வேலியைப் பிரித்து மறுபடி போடுகிறார்கள் என்று ஒவ்வொரு போனிலும் அவர் சொல்கிற விவரங்களைக் கேட்டால் அதைக் கட்டுகிற என்ஜினீயரே அசந்துபோவார். கடைசியில் ஒரு நாள் கட்டி முடித்தேவிட்டார்கள். அந்தப் பக்கத்து விமான நிலையத்தில் பெட்டி நிறுக்கும் இயந்திரங்கள் வைத்தது அவருடைய கம்பெனி என்பதால், முதல் விமானத்தில் வருவதற்கு மேலாளருக்கு அழைப்பும் வந்தது.

"முதல் பிளேன்லயே வரேன்!" போனில் கத்தினார். "அமைச்சர், பத்திரிகைக்காரங்க, அப்புறம் நான்! நீயும் அம்மாவும் ஏர்போர்ட்டுக்கு வந்துடுங்க."

அன்றைக்கு அவள் வேலையைத் தொடவில்லை. முன்னறையில் விரிப்பு மாற்றி, ஜன்னல் துடைத்து, காலையிலேயே சமைத்து முடித்தாள். மாமியார் பீரோவிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டார். கேலி பேசுகிறவர் எதற்கு நல்ல புடவை என்று மருமகள் கேட்கவில்லை. டாக்ஸி பிடித்தார்கள். விமான நிலையம் ஊரைத் தாண்டி, அதற்கடுத்த ஊரையும் தாண்டி, எதுவும் விளையாத ஒரு பொட்டலில் இருந்தது. போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

"நாப்பத்தஞ்சு நிமிஷத்துல அவன் வந்து இறங்குறத பாக்க நாம ஒரு மணி நேரம் போறோம்," என்றார் மாமியார்.

உள்ளே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கூட்டம். வாத்தியக் கோஷ்டி ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊதியது. இரண்டு இறக்கையிலும் விசிறி சுற்றுகிற சின்ன விமானம் ஒன்று வந்து இறங்கி, பஸ் நிலையத்தில் வண்டியைத் திருப்புகிற மாதிரி திரும்பி நின்றது. தீயணைப்பு வண்டிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் அதன் மேல் தண்ணீரைப் பீய்ச்சி வளைவு போட்டன.

"வந்தவங்கள குளிப்பாட்டித்தான் உள்ள விடுவாங்க போல," என்றார் மாமியார்.

அமைச்சர் இறங்கினார். அவர் பின்னால் வர வேண்டியவர்களும் வர வேண்டாதவர்களும் இறங்கினார்கள். ஆறாவதாகவோ ஏழாவதாகவோ மேலாளர். புது கோட்டு. தலைக்கு மை அடித்திருந்தார். கீழே விரித்திருந்த கம்பளத்தில் எல்லாரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கேக் வெட்டினார்கள். அமைச்சர் ஒரு துண்டை இன்னொருவர் வாயில் திணித்தார். அவர் அடுத்தவர் வாயில் திணித்தார். மேலாளர் முறை வந்தபோது கேக் தீர்ந்துவிட்டிருந்தது. அதற்கும் சேர்த்துச் சிரித்தபடி கைதட்டினார்.

மனைவியின் போன் அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் காதில் போனை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"எங்க நிக்கிறீங்க? கூட்டத்துல ஒண்ணும் தெரியல."

"கண்ணாடிகிட்டதான். இடது பக்கம். நீங்க எந்த வாசல் வழியா வருவீங்க?"

"அது வந்தும்மா... இதே பிளேன்ல எங்களத் திருப்பிக் கூட்டிட்டுப் போறாங்க. அழைப்புல வந்தவங்கன்னா அப்படித்தானாம். எனக்கும் இப்பதான் சொன்னாங்க."

"உள்ள வந்து அத்தையைப் பாத்துட்டாவது போங்களேன்."

"வெளிய வந்தா மறுபடி செக்கிங், அது இதுன்னு... நாளைக்குக் காலைல மீட்டிங் வேற இருக்கு. அதான் வழி திறந்துடுச்சே, இனிமே எப்ப வேணும்னாலும் வரலாமே. கை காட்டு, கை காட்டு. ஆங், பாத்துட்டேன்!"

அவர் கையை உயரத் தூக்கி ஆட்டினார். வலது பக்கம் பார்த்து ஆட்டினார். அங்கே இடுப்பில் குழந்தையோடு நின்ற யாரோ ஒரு பெண் தனக்குத்தான் என்று நினைத்து வாயெல்லாம் பல்லாகத் திருப்பி ஆட்டினாள். குழந்தையின் கையையும் பிடித்து ஆட்ட வைத்தாள். மேலாளர் முகம் நெகிழ்ந்துபோனது. கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா நல்லா இருக்காங்க, பாத்தாலே தெரியுது," என்றார் போனில். குழந்தைக்காரிக்குப் பக்கத்தில் ஒரு தூண்தான் இருந்தது.

அரை மணி நேரத்தில் விமானம் கிளம்பிப் போய்விட்டது. கூட்டத்துக்குக் கொடுத்த காகிதத் தட்டில் ஆளுக்கொரு கேக் துண்டோடு மாமியாரும் மருமகளும் நின்றார்கள். மாமியார் தன் துண்டைத் தின்று முடித்து, மருமகள் கையிலிருந்ததையும் வாங்கித் தின்றார்.

"வீணாக்குவானேன்," என்றார். "இத விட்டா அவன்கிட்டேருந்து நமக்கு வேற என்ன வரப்போகுது?"

அன்று சாயங்காலம் மேலாளர் போட்டோவைப் போட்டிருந்தார். 'சொந்த மண்ணில் கால் பதித்த தருணம்' என்று எழுதியிருந்தது. கால் பதித்தது கம்பளத்தில்; கம்பளத்துக்கு அடியில் தார். நூற்றுக்கு மேல் பேர் வாழ்த்தியிருந்தார்கள்.

அதற்கப்புறம்தான் அந்த மனிதரின் உண்மையான திறமை வெளியே வந்தது. தினமும் ஒரு விமானம் போய் வந்துகொண்டிருந்தது. சீட்டுகள் பாதி காலி. இப்படி ஒரு இக்கட்டில் மாட்டினால் வேறு யாராக இருந்தாலும் தோற்றுப்போய் ஒரு தடவையாவது வந்து தொலைத்திருப்பார்கள். மேலாளர் அசரவில்லை. சின்ன விமானம், காது அடைக்கிறது என்றார். மேகம் என்றார். போன வாரம் ஒரு நாள் தாமதமாகக் கிளம்பியது, நம்பி ஏற முடியாது என்றார். நாற்பத்தைந்து நிமிஷம் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்த அதே மனிதர், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு என்று ஒரு கணக்கைப் புதிதாகக் கண்டுபிடித்தார்.

"பறக்கிறது நாப்பத்தஞ்சு நிமிஷம்தான், ஒத்துக்கறேன். ஆனா ஏர்போர்ட்டுக்குப் போற நேரம் இருக்கு. முன்னாடியே போய் உக்காரணும். இறங்கி உங்க பக்கம் ஒரு மணி நேரம். எல்லாம் சேத்தா அரை நாள் போயிடுது. அதுக்கு பஸ்ஸே தேவலாம்னு தோணுது."

"அப்ப பஸ்ல வாங்க."

"இடுப்பு என்னாகறது?"

இன்னொரு நாள், "நான் வரலன்னு சொல்லாதே, முதல் பிளேன்லயே வந்தேனே," என்றார். மாமியார் கண்ணைத் திறந்தார்.

"கணக்குல எழுதிக்கிட்டான் பாரு," என்றார். போனை வைத்த பிறகு, "அவன் குரல் நல்லா இல்ல. எவளோ இருக்கா," என்றார்.

"அத்தை!"

"நான் கேக்காத குரலா? ராத்திரி எட்டு மணிக்கு மேல ரெண்டே ரெண்டு வார்த்தைல பேச்சை முடிக்கிறான். பின்னால ஏதோ சிரிப்புச் சத்தம். நீ சொல்லாம கொள்ளாம போய் நில்லு. இருந்தா ரெண்டு பேரையும் சேத்து இழுத்துட்டு வா. இங்க வந்து நான் பாத்துக்கறேன்."

மருமகளுக்கும் அந்தச் சந்தேகம் இல்லாமல் இல்லை. அவள் அதைக் கொஞ்சம் ஆசையோடுகூட வைத்திருந்தாள் என்று சொல்ல வேண்டும். காரணம் என்று ஒன்று, முகமும் பெயரும் உள்ள ஒன்று இருந்தால் சண்டை போடலாம். ஒரு சனிக்கிழமைக்குச் சீட்டு வாங்கினாள்.

அவள் விமானத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை. ஜன்னலோரம் கிடைத்தது. மேலே ஏறியதும் ஒரு பணிப்பெண் பிஸ்கட் பொட்டலமும் சின்ன டப்பாவில் ஜூசும் கொடுத்தாள். கீழே மலைகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கசங்கிய துணி மாதிரி கிடந்தன. அவற்றுக்கு நடுவே அந்த ரோடு, இழுத்துப் போட்ட நூல் மாதிரி போய், வளைந்து, வந்த வழிக்கே திரும்பி, மறுபடி போயிற்று. அவள் அதைப் பார்த்துக்கொண்டே பிஸ்கட்டைத் தின்றாள். ஜூஸ் டப்பாவைத் திறக்கப் போகும்போது பணிப்பெண் வந்து, "இறங்கப்போறோம்மா, குடுத்துடுங்க," என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அழுகை வரவில்லை அவளுக்கு. வெட்கமாக இருந்தது. ஒரு டப்பா ஜூஸ் குடித்து முடிக்க முடியாத தூரம். இதைத்தானா ஆறு வருஷம் தூரம், தூரம் என்று தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்?

அவருடைய வீடு ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. மணியை அடித்தாள். உள்ளே டிவியில் பலர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அரைக்கால் சட்டை, பனியன், கையில் ரிமோட்டோடு மேலாளர் நின்றார்.

திருடனைப் பார்த்தால்கூட ஒரு மனிதனின் முகம் அப்படி ஆகாது.

"என்ன... யாருக்கு என்னாச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. சும்மா வந்தேன். நாப்பத்தஞ்சு நிமிஷம்தானே?"

"சொல்லியிருக்கலாம்ல." அவர் இன்னும் வழியை மறித்துக்கொண்டுதான் நின்றார். "திரும்ப எப்ப பிளேன்?"

ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் கேட்டது இது.

அவள் அவரை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். படுக்கையறையைப் பார்த்தாள். ஒரு தலையணை. குளியலறையைப் பார்த்தாள். ஒரு பிரஷ், அதுவும் தேய்ந்துபோனது. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு கப், ஒரு கரண்டி. மூன்றும் கழுவிக் கவிழ்த்திருந்தன. அலமாரியைத் திறந்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். ஒரு கொண்டை ஊசி கிடைக்காதா என்று இருந்தது.

கூடத்தில் டிவிக்கு எதிரே பெரிய சாய்வு சோபா ஒன்று, ஒரே ஒரு ஆள் உட்காருவது. பக்கத்தில் கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் குட்டி மேஜை. அதில் வறுத்த கடலை, மூக்குக் கண்ணாடி, நகவெட்டி. கால் வைத்துக்கொள்ள இன்னொரு முக்காலி. சோபாவின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அந்த வீட்டில் மேலாளருடைய உருவத்துக்குச் சரியாகச் செய்த ஒரே பொருள் அதுதான். அவள் அதில் உட்கார்ந்தாள். அவர் முகம் சுருங்கியது.

"அது என்னோட... இரு, உனக்கு ஸ்டூல் கொண்டு வரேன்."

"யாரு அவ?" என்று கேட்டாள், கடைசி நம்பிக்கையாக.

"எவ?"

"இங்க வர்றவ."

மேலாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. கையிலிருந்த ரிமோட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "என்னைப் பாத்தா அப்படியா தெரியுது? ஆறு வருஷமா தனியா இருக்கேன், ஒருத்திய ஏறெடுத்துப் பாத்திருப்பேனா? வேணும்னா வாட்ச்மேன்கிட்ட கேளு. உனக்கு நான் துரோகம் நெனச்சதே இல்ல."

"அப்ப ஏன் வரல?"

டிவியில் யாரோ வழுக்கி விழ, எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய கண் ஒரு தடவை அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது.

"இங்க யாரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்ல," என்றார் கடைசியில். "ஆபீஸ் விட்டு வந்தா சட்டையக் கழட்டிட்டு உக்காந்துடுவேன். சாப்பிட்டியா, என்ன யோசிக்கிற, டாக்டர்கிட்ட போனியா... ஒண்ணும் கிடையாது. உன் மேல கோபம்லாம் இல்லம்மா. எனக்கு இப்படியே நல்லா இருக்கு. அவ்வளவுதான்."

அவருடைய வாயிலிருந்து வந்த முதல் நேர்மையான வார்த்தைகள் அவை. அதைச் சொன்ன பிறகு அவரே கொஞ்சம் பயந்துபோய்விட்டார்.

"ஒரு பொம்பளையாவது இருந்திருக்கக் கூடாதா?" என்றாள் அவள். "எனக்கு எதிரா ஒருத்திய நிறுத்தியிருந்தா எனக்கும் ஒரு மரியாதையா இருந்திருக்கும். போயும் போயும் ஒரு சோபாவா?"

"இத பாரு, தப்புப் பண்ணாதவன இப்படிப் பேசக் கூடாது."

"நீங்க தப்புகூடப் பண்ணல. அதான் விஷயம்."

அவர் போனை எடுத்து மும்முரமாக எதையோ தேடினார். முகம் மலர்ந்தது. "நாளைக்கு மத்தியானம் பிளேன் இருக்கு. சீட்டும் நெறைய காலியா இருக்கு," என்றார், அவளுக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி. அன்றைக்கு அவள் கட்டிலில் படுத்தாள். அவர் சோபாவிலேயே தூங்கினார். காலையில் பார்த்தபோது அவ்வளவு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பி வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாமியார் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார்.

"கட்டிலுக்கு அடியில பாத்தியா?"

"பாத்தேன், அத்தை."

"பக்கத்து வீட்டுல?"

"கேட்டேன். யாரும் வர்றதில்லையாம். வாட்ச்மேன் அவர ரொம்ப நல்ல மனுஷர்ங்கறான்."

மாமியாரின் முகம் தொங்கிப்போயிற்று. எழுந்து உள்ளே போனார். சமையலறையில் பாத்திரங்கள் இடிபடும் சத்தம் வந்தது. திரும்பி வந்து, "அந்தச் சிரிப்புச் சத்தம் டிவியா?" என்று மட்டும் கேட்டார். முப்பது வருஷத் தொழிலில் முதல் தடவையாக ஏமாந்திருந்தார்.

அந்த வாரமே மருமகள் முன்னறைக் கட்டிலைப் பிரித்து வெளியே போட்டாள். பாலிஷ் இயந்திரத்தையும் மேஜையையும் அங்கே கொண்டுவந்தாள். மாமியார் தடுக்கவில்லை. இயந்திரத்தின் ஒரு முனையைப் பிடிக்கக்கூட வந்தார். மூச்சு வாங்கியதால் விட்டுவிட்டு, எப்படித் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்.

விமானம் நாலு மாதம் ஓடியது. அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. பிறகு போதிய பயணிகள் இல்லை என்று நிறுத்தியே விட்டார்கள். அன்றைக்கு மேலாளர் தானாகவே போன் செய்தார். குரலில் அத்தனை குதூகலம்.

"கேட்டியா? பிளேன நிறுத்திட்டாங்க! நான் வாரா வாரம் வரலாம்னு இப்பதான் மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன். நம்ம தலையெழுத்தப் பாரு. இனிமே எப்படி வர்றது?"

"வர வேண்டியதில்ல," என்றாள் அவள். "ஒரு வக்கீலம்மாவப் பாத்திருக்கேன். நோட்டீஸ் வரும். படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துப் போட அவருக்கு மனம் வரவில்லை. குடிக்காதவன், அடிக்காதவன், மாசா மாசம் பணம் அனுப்புகிறவன், என்னை எதற்கு விலக்க வேண்டும் என்று நியாயம் கேட்டார். நியாயம் கேட்பவர்கள் கோர்ட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். வராவிட்டால் ஒரு தரப்பை மட்டும் கேட்டே தீர்ப்பு எழுதிவிடுவார்கள் என்று அவர் வைத்த வக்கீலே பயமுறுத்தினார். மனைவிக்காகவும் அம்மாவுக்காகவும் நாற்பத்தைந்து நிமிஷம் வர முடியாத மனிதர், சம்மனுக்கு வந்தார். விமானம் இல்லை. நானூற்று அறுபது கிலோமீட்டரும் பஸ்ஸில் வந்தார். மலைப்பாதையில் மண் சரிந்திருந்ததால் பதினோரு மணி நேரம் பதினைந்தாக நீண்டிருந்தது.

கோர்ட்டு வராந்தாவில் அவரைப் பார்த்தபோது மனைவிக்கே அடையாளம் தெரியவில்லை. கோட்டு கசங்கி, கண் சிவந்து, இரண்டு பாதமும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் பிதுங்கிக்கொண்டிருந்தன.

கூப்பிட்டதும் உள்ளே போனார்கள். நீதிபதி ஒரு நடுத்தர வயதுப் பெண். மேலாளரின் வக்கீல் எழுந்து, என் கட்சிக்காரர் வெகு தூரத்தில் வேலை பார்க்கிறார், வழக்கை அந்த ஊர்க் கோர்ட்டுக்கு மாற்ற மனு போடப்போகிறோம், அதுவரை வாய்தா வேண்டும் என்றார்.

நீதிபதி நிமிர்ந்து மேலாளரைப் பார்த்தார். "எவ்வளவு தூரம்?"

வாய்ப் பழக்கம் பொல்லாதது. "நேர்கோட்டுல பாத்தா இருநூத்திப் பத்து கிலோமீட்டர்தான், மேடம்," என்றார் மேலாளர் கணீரென்று. அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருநூத்திப் பத்துதானா? அப்ப ஒண்ணும் கஷ்டமில்ல. அடுத்த மாசமும் வந்துடுங்க," என்று நீதிபதி தேதி போட்டார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் மகன் அவரிடம் வந்தான். சின்னப் பையன் மாதிரி ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றினான்.

"அம்மா, பஸ் சாயங்காலம்தான். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் படுத்துட்டுப் போறேனே."

"உன் கட்டிலத் தூக்கிப் போட்டாச்சு. பஸ் ஸ்டாண்டுல பெஞ்சு போட்டு வெச்சிருக்கான், ஃபேன்கூட சுத்துது. அங்க யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உனக்கு அதானே பிடிக்கும்?"

மேலாளர் மனைவியைப் பார்த்தார். அவள் அவருடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் நாலு மணிக்குள் ஒரு டாக்டருக்குக் கீழ்வரிசைப் பல் செட் ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். பாலிஷ் பாக்கி இருந்தது. "உப்புத் தண்ணில கால வைங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு டாக்ஸியைக் கூப்பிட்டாள்.

டாக்ஸி கடைத்தெரு முனையில் திரும்பும்போது மாமியார் நிறுத்தச் சொன்னார்.

"நீ போ. நான் அந்த மூஞ்சிய இன்னும் ரெண்டு வார்த்தை திட்டிட்டு வரேன். கோர்ட்டுங்கறதால வாயை அடக்கிக்கிட்டு இருந்துட்டேன்."

இறங்கியவர் பஸ் நிலையம் பக்கம் போகாமல் முதலில் மருந்துக் கடைக்குள் நுழைவதை மருமகள் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். டிரைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி போயிற்று.

பல் செட்டை டாக்டரிடம் கொடுத்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்து ரொம்ப நேரத்துக்கு அப்புறம்தான் மாமியார் வந்தார். கையைக் கழுவினார். மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினார். தைலத்தின் வாடை கூடம் முழுக்கப் பரவியது.

"திட்டினீங்களா, அத்தை?"

"பின்ன, விடுவேனா?" மாமியார் துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். "பஸ் வர்ற வரைக்கும் திட்டினேன். கால நீட்டுடா சோம்பேறின்னு சொல்லி, ரெண்டு காலையும் தேய்ச்சுவிட்டுக்கிட்டே திட்டினேன்."